அக்காவின் பலாமரமும் நம்முடைய வாயும்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் என்ன எழுத வேண்டும் என்று பெரியப்பா ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். பிறந்த ஊர், பெற்றோர், மணவாழ்க்கை, குணநலன்கள், நோய், நன்றி. அந்த வரிசையில் எழுதுவதாகத்தான் நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் தாளின் நடுவில் ஒரு வரி இருந்தது. 'மக்கட்பேறு என்ற ஒரு குறையைத் தவிர எல்லாம் நிறைந்த வாழ்வு வாழ்ந்தார்.' பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உள்ளதத்தானம்மா எழுதிக்கீறேன். இதுல இன்னா தப்பு?"

"செத்த பெறகும் அதே பேச்சா பெரியப்பா? இந்த வரி வரணும்னா சொல்லுங்க, எனக்கு நாலு பக்கம் வேணும். உள்ளத எல்லாத்தையும் நானும் எழுதறேன்."

அவர் வரியை விட்டுக்கொடுத்தார். நான்கு பக்கத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே இதைக் கையில் வாங்கியவர்கள், சாப்பாட்டுப் பந்திக்கு நேரமாகிவிட்டது என்று புரட்டிவிட்டு வைத்துவிடாமல் கடைசி வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்களில் பலர் இதில் இருக்கிறீர்கள். பெயர் போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

அக்கா ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் வேர்க்கடலை பிடுங்கியும் பிழைத்த குடும்பம். அங்கே வேலை குறைந்ததும் நைனா எங்களை அழைத்துக்கொண்டு புதுவாயலுக்கு வந்தார். எளாவூர் செக்போஸ்ட் அருகில் லாரிகளில் சுமை ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மா காலமானார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த அக்கா, அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்த மறுவாரமே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தார். மருந்துப் பாட்டில்களுக்கு மூடி செய்கிற கம்பெனி. ஓடும் பெல்ட்டில் வருகிற மூடிகளில் கோணலானதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகள் அதைச் செய்தார். நான் கல்லூரி வரை படித்து இன்று ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருப்பதெல்லாம் அந்த மூடிகளால் வந்தது.

அக்காவின் குணம் பற்றி எழுதுங்கள் என்கிறார் பெரியப்பா. பொறுமைசாலி, அமைதியானவர் என்று எழுதினால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது பொய். அக்கா வாயாடி. கம்பெனி பஸ்ஸில் அவர் உட்கார்ந்திருக்கும் இருக்கையைச் சுற்றித்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். சூப்பர்வைசர் நடப்பதுபோல் நடந்து காட்டுவார். அந்த மனிதரை அமைதியானவராக ஆக்கியது நாம். அதற்கு நமக்குப் பத்து வருடம் ஆயிற்று.

இருபத்தைந்தாம் வயதில் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. மாமா வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மாமா நல்லவர். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், வேறு பெண்ணைக் கட்டிக்கொள் என்று அவர் வீட்டில் சொன்னபோது தலையாட்டவும் இல்லை. நல்லவராக இருந்ததற்கு மேல் அவர் எதுவும் செய்யவில்லை. அவர் முன்னால் அக்காவைக் குறை பேசியவர்களிடம் ஒரு தடவைகூட 'நிறுத்துங்கள்' என்று சொல்லவில்லை. மாமா, இதைப் படித்து வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். வருத்தப்படுங்கள்.

புதுவாயலில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மாமாவும் அக்காவும் ஒரு சின்ன மனை வாங்கி வீடு கட்டினார்கள். பள்ளமான இடம். விற்றவர் அதை இரும்புக் கம்பெனிக் கசடு கொட்டி மேடாக்கி, மேலே ஒரு சாண் செம்மண் தூவி விற்றிருந்தார். மழை பெய்து செம்மண் கரைந்தபோதுதான் அடியில் இருந்த கறுப்புக் கல் பல்லைக் காட்டியது. துளசிச் செடிகூட வரவில்லை. விற்றவரைக் கேட்டால், "வீடு கட்டத்தான மன கேட்டீங்க, வெவசாயம் பண்ணவா?" என்றாராம்.

அந்த இடத்தில்தான் அக்கா பலா வைத்தார்.

கம்பெனியில் அவரோடு வேலை செய்த செல்வி பண்ருட்டிப் பக்கத்துக்காரர். ஊருக்குப் போய் வந்தவர் ஒரு டப்பா நிறையச் சுளை கொண்டுவந்திருக்கிறார். கேன்டீனில் எல்லோரும் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தட்டோரம் ஒதுக்க, அக்கா மட்டும் மூன்று கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாராம். தொட்டியில் முளைக்க வைத்துப் பிறகு பிடுங்கி நடலாமா என்று கேட்டதற்கு, "கூடாதுங்க்கா. பலாவுக்கு ஆணிவேர் நேரா உள்ள எறங்கணும். எங்க நிக்கணுமோ அங்கயே ஊனிடுங்க. எடம் மாத்துனா கோவிச்சுக்கும்" என்று செல்வி சொல்லியிருக்கிறார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை. கடப்பாரையை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் அந்தக் கசட்டை அக்கா தோண்டினார். கடப்பாரை விழும்போதெல்லாம் பொறி பறந்தது. இடுப்பளவு ஆழம் வந்த பிறகுதான் உண்மையான மண் தெரிந்தது. ஏரி வண்டலும் ஆட்டெருவும் கலந்து குழியை நிரப்பி, மூன்று கொட்டைகளையும் ஒரு முழ இடைவெளியில் ஊன்றினார். ஒன்றை எலி தின்றது. ஒன்று முளைத்து, வெயிலில் கருகியது. மூன்றாவது நின்றது.

முதல் இரண்டு கோடைக்கும் கன்றின் மேல் சிமெண்ட் சாக்கைப் பந்தல் போலக் கட்டி வைத்தார். எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும். பலாவுக்கு வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். ஒரு மழையில் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தபோது மாமா கட்டில் மேல் பீரோத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா பின்பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று மண்வெட்டியால் மரத்தடியில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். கம்பெனிப் புகை இலைமேல் கறுப்பாகப் படிந்துவிடும். விரலால் தொட்டால் மை ஒட்டும். ஞாயிறுதோறும் குழாயைப் பிடித்து இலைகளைக் கழுவினார். துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் சாம்பல் நிறமாகிவிடும் ஊரில், அந்த மரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பச்சையாக இருக்கும்.

நம் உறவினர் வருவார்கள், பார்ப்பார்கள். என் அத்தை, அதாவது நைனாவின் தங்கை, ஒரு நாள் எல்லோர் முன்னிலும் சொன்னார். "பாவம், புள்ள இல்லாத கொறைக்கு மரத்த புள்ள மாதிரி வளக்குது."

அக்கா அப்போது இன்னும் பழைய அக்காதான். "மரத்த மரம் மாதிரிதான் வளக்கறன் அத்த. புள்ளைக்கு யாரு ஆட்டெரு போடுவாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தையும் அக்காவையும் ஒரே தராசில் வைத்தது நான் அல்ல, அக்காவும் அல்ல. அதைச் செய்தது நீங்கள்.

ஏழாம் வருடம் மரத்தில் பூ வந்தது. மேல் கிளைகளில் விரல் நீளத்துக்கு, மாவு தடவினாற்போல. கொஞ்ச நாளில் கறுத்துக் கீழே கொட்டியது. அடுத்த வருடமும் அதே கதை. வாசலைத் தாண்டி வருகிற ஒவ்வொருவரும் அந்தக் கறுத்த பூக்களைக் காலால் உருட்டிப் பார்த்தார்கள். "பிஞ்சு நிக்க மாட்டேங்குதே" என்றார் ஒருவர். "கை ராசின்னு ஒண்ணு கீதில்ல" என்றார் இன்னொருவர். கரு கலைவதோடு சேர்த்து ஒரு பேச்சு வந்தது. அதை நான் அச்சில் போடமாட்டேன். அக்காவைக் குறிக்க நீங்கள் புழங்கிய அந்த மூன்றெழுத்துச் சொல்லையும் போடமாட்டேன்.

செல்வி ஒரு நாள் நேரில் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது ஆம்பளப் பூவுங்க்கா. கொட்டத்தான் செய்யும். மொத ரெண்டு மூணு வருசம் இதுதான் வரும். அப்புறம் அடிமரத்துல தனியா ஒண்ணு வரும் பாருங்க, அதான் காய்."

இதை அக்கா உங்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். அத்தையிடம் மூன்று தடவை. பண்ருட்டிக்காரி சொன்னாள், ஆண் பூ உதிரத்தான் செய்யும், மரத்தில் கோளாறு இல்லை என்று. நம் ஆட்கள் கேட்டுக்கொண்டார்களா? 'ஆமாமா' என்று தலையாட்டிவிட்டு வெளியே போய், "மனசத் தேத்திக்க ஒண்ணு வேணாவா" என்றார்கள்.

இப்போது என் வளைகாப்புக்கு வருகிறேன். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாகத் திருமணமான பெண்ணைக் கர்ப்பிணியின் பக்கத்தில் மனையில் உட்கார வைத்து வளையல் போட்டு அனுப்புவோம், அவளுக்கும் சீக்கிரம் நடக்கட்டும் என்று. அக்காவையும் அப்படி முதல் நான்கு வருடம் ஒவ்வொரு வளைகாப்பிலும் இழுத்து உட்கார வைத்தார்கள். ஐந்தாம் வருடத்தில் இருந்து அவர் சமையலறையில் இருந்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. எந்த நாளில், எந்த வீட்டில் அது மாறியது என்று கேட்டால் உங்களில் ஒருவராலும் சொல்ல முடியாது. அவ்வளவு பழகிப்போன வேலை உங்களுக்கு.

எனக்கு ஒன்பதாம் மாதம். நைனாவும் அப்போது இல்லை, ஆகவே தாய்வீடு என்றால் அக்கா வீடுதான். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல், எல்லாம் அக்கா விடியலிலேயே எழுந்து தன் கையால் செய்தார். எனக்குப் பிடித்த பச்சையும் சிவப்பும் பார்த்து வளையல் வாங்கி வந்ததும் அவர்தான். நலங்கு தொடங்கும்போது கூடத்துக்கு வந்தார். அத்தை குரல் கொடுத்தார். "நீ உள்ள போயி சோத்தப் பாரும்மா. இங்க நாங்க கீறோம்ல."

அக்கா என்னைப் பார்த்தார். நான் மனையில் உட்கார்ந்திருந்தேன். கன்னத்தில் சந்தனம், கையில் வளையல், மடியில் வெற்றிலை பாக்கு. நான் படித்தவள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டில் உட்கார வைப்பவள். அன்று வாயைத் திறக்கவில்லை. நல்ல நாளில் தகராறு வேண்டாம் என்று நினைத்தேன். அதைவிடக் கேவலமான ஒன்றையும் நினைத்தேன். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நொடி பயந்தேன். எனக்குச் சோறு போட்ட கையைப் பார்த்துப் பயந்தேன். அக்கா உள்ளே போய்விட்டார்.

அன்றைய கூத்து அதோடு முடியவில்லை. பந்தி முடிந்து பெண்கள் பின்பக்கம் கை கழுவப் போனார்கள். காய்க்காத மரம் அங்கே நின்றது. காய்க்காத மரத்தில் பழைய செருப்பும் துடைப்பமும் கட்டித் தொங்கவிட்டால் மரத்துக்கு ரோஷம் வந்து காய்க்கும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதல்லவா, அது அத்தைக்கு நினைவு வந்தது. "இத்தினி வருசமா சும்மா நிக்குது, இன்னிக்கு நல்ல நாளு, கட்டிடலாம்" என்றார். துடைப்பம் மூலையில் கிடைத்தது. செருப்புக்கு, பின்வாசல் படியில் கிடந்த ஒரு ஜோடியை எடுத்தார்கள். கட்டக் கயிறு வேண்டும் என்றார்கள். கொடிக்கயிறு எங்கே இருக்கிறது என்று கைகாட்டியவள் நான். கை நிறைய வளையல் குலுங்கக் காட்டினேன். ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி, சிரித்துக்கொண்டே கட்டினார்கள்.

அன்று அக்காவுக்கு இரண்டாவது ஷிப்டு. லீவு கிடைக்கவில்லை. சமையல் முடித்து, பரிமாறி, பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, சீருடை மாற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். புதுவாயல் கூட்டுச்சாலையில் கம்பெனி பஸ் வரும் நேரம். படியில் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பார்த்தார். "என் செருப்ப யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

அவர் செருப்புதான். தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற செருப்பு. வார் தைத்து, குதிகால் தேய்ந்து, பார்க்க அப்படி இருந்தது. தூக்கி எறிந்த செருப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படித் தேய்ந்த செருப்புகளில் நடந்து நடந்து என்னைப் படிக்க வைத்தார் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்குமே தோன்றவில்லை.

"ஐயய்யோ, அது பழசுன்னு நெனச்சிட்டோம்மா" என்றார் அத்தை, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு.

"நான் போட்டுகினு போறது அத்த, இது" என்றார் அக்கா.

அவ்வளவுதான். எட்டி முடிச்சை அவிழ்த்தார். தரையில் போட்டார், காலை நுழைத்தார், பையைத் தோளில் மாட்டினார், நடந்தார். துடைப்பத்தைத் தொடவில்லை. அது மட்டும் மரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்துதான் அக்கா உங்கள் எல்லோருக்கும் பிடித்த அமைதியானவர் ஆனார்.

அடுத்த வருடம் மரம் காய்த்தது. செல்வி சொன்னபடியே, சொன்ன இடத்தில், அடிமரத்தை ஒட்டி ஏழு காய். ஆண் பூ இரண்டு மூன்று வருடம் கொட்டி முடிய, பெண் பூ வந்தது. இதில் செருப்புக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் ஊரெல்லாம் என்ன பேச்சு? "பாத்தியா, செருப்பு கட்டினோம், ரோஷம் வந்துடுச்சி." ஒரு பெரிய மனுஷி அதற்கு மேலும் போனார். அக்காவை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டு, "மரத்துக்கு வந்த ரோஷம் மனுஷிக்கு வரலியே" என்றார். கையில் அக்கா கொடுத்த சுளை இருந்தது. அதைத் தின்றுகொண்டே சொன்னார்.

முதல் பழத்தை அக்கா எல்லா வீடுகளுக்கும் பங்கிட்டு அனுப்பினார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து, நார்போன்ற சடையை நீக்கி, சுளை சுளையாக எடுத்து அத்தை வீட்டுக்கும் ஒரு தூக்கு நிறைய வைத்தார். எனக்குத் தாங்கவில்லை. "அவங்களுக்கு எதுக்குக்கா? கொட்டைய அனுப்பு, போதும்" என்றேன். "பழம் இன்னாடி பண்ணுச்சி?" என்றார் அக்கா.

இனி நோய். பெரியப்பாவின் தாளில் 'சிறிது காலம் நோய்வாய்ப்பட்டு' என்று இருக்கிறது. சிறிது காலம் அல்ல.

பக்கத்து வீட்டு எஸ்தர்தான் முதலில் கவனித்திருக்கிறார். கொடியில் பழைய புடவைத் துணிகள் தினமும் காய்ந்திருக்கின்றன, மாதத்தில் பாதி நாளுக்கு மேல். இந்த வயதில் இது சரியில்லை, டாக்டரைப் பார் என்று சொல்லியிருக்கிறார். "பேஜாரு பண்ணாத எஸ்தரு, தானா நின்னுடும்" என்று அக்கா பேச்சை மாற்றிவிட்டார். எட்டு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் கம்பெனியில் பெல்ட்டின் முன்னால் மயங்கி விழுந்தார். தோழிகள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து சென்னை. கருப்பையில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள். "ஏம்மா இவ்ளோ நாள் வரல? ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா நெலமையே வேற" என்று டாக்டரம்மா கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

அன்று வார்டில் நான் விடாமல் கேட்டேன். அக்கா சொன்னார்.

"எப்டிடி போவேன்? ஒருவாட்டி காய்ச்சலுக்கு ஊசி போட கும்மிடிப்பூண்டி போனேன். அத்த பஸ்ஸுல பாத்துட்டு சாயந்திரத்துக்குள்ள எட்டு ஊட்டுக்கு போன் பண்ணிடுச்சி, 'விசேஷம் போலகீது'ன்னு. அப்புறம் காய்ச்சல்னு தெரிஞ்சி எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப பொம்பள டாக்டராண்ட போறேன்னா இன்னா சொல்லுவாங்க? 'இந்த வயசுலயும் ஆச விடல'ம்பாங்க. அதுக்கு இது தேவல."

அதற்கு இது தேவலை. நம் வாயைவிட இரத்தப்போக்கு தேவலை என்று என் அக்கா எட்டு மாதம் இருந்திருக்கிறார். இதை நான் படித்துப் படித்துச் சொல்கிறேன், உறவினர்களே. கட்டி கொன்றது என்று மருத்துவச் சான்றிதழில் இருக்கிறது. அது முழு உண்மை அல்ல. நாற்பத்து மூன்று வயதில் அவர் போனதில் நமக்கெல்லாம் பங்கு இருக்கிறது. பாகம் பிரிக்க யாரும் சண்டை போடப்போவதில்லை.

இதைப் படிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்றிலோ அதற்குக் கீழேயோ எது வந்தாலும் மறைக்காதீர்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றால் எனக்குச் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன். யார் கேட்டாலும் எனக்குத்தான் வைத்தியம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. மனமாரச் சொல்கிறேன். கடைசி மூன்று மாதமும் அக்காவின் துணிகளை முகம் சுளிக்காமல் துவைத்துக் கொடுத்த எஸ்தருக்கு நன்றி. ஷிப்டு மாற்றி மாற்றி மருத்துவமனையில் வந்து உட்கார்ந்த மூடிக் கம்பெனித் தோழிகளுக்கு, முக்கியமாகச் செல்விக்கு நன்றி. பின் தெரு லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாத் தொழிலாளர்கள் நான்கு பேர் கூப்பிடாமலே இரத்தம் கொடுக்க வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் சரியாக வராது. அக்காவை 'தீதி, தீதி' என்பார்கள், அவர்கள் பேச்சில் அக்கா என்று பொருள். தங்கள் வீட்டு வாசல் வழியாகப் போகிற அக்காவை நின்று விசாரித்த அவர்கள், பிள்ளை எத்தனை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்களுக்கு நன்றி.

உறவினர்களுக்கு நன்றி சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது என்கிறார் பெரியப்பா. நன்றாக இருக்க வேண்டாம். நினைவு நாள் பந்தியில் இந்த வருடத்துப் பலாச்சுளை இலையில் இருக்கும். அக்கா இருந்தால் உங்களுக்கு வைத்திருப்பார், அதனால் நானும் வைக்கிறேன். அக்காவுக்கு இருந்த மனம் எனக்கு இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்களையெல்லாம் இவ்வளவு சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் அது நியாயம் இல்லை.

அக்கா போவதற்கு நான்கு நாள் முன்பு. மதியம். மாமா டீ வாங்கி வரப் போயிருந்தார். அக்கா கண் மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று தெரியும். ஏழு வருடமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு வளகாப்புல நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்க்கா."

எதற்கும் 'பரவால்ல உடு' என்பதுதான் அக்காவின் வழக்கம். தட்டை உடைத்தாலும் 'பரவால்ல', நான் பரீட்சையில் கோட்டைவிட்டாலும் 'பரவால்ல'. அதைக் கேட்கத்தான் காத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது புரிகிறது. மன்னிப்பு கேட்பதுபோல், மன்னிப்பை அவரிடமிருந்து பிடுங்கப் பார்த்திருக்கிறேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். 'பரவால்ல' என்று சொல்லவில்லை.

"ஆமாண்டி. நீ கூப்புடுவன்னு நெனச்சேன். உள்ள போயி, சந்தனம் தொடணுமேன்னு கைய சோப்பு போட்டு கழுவிகினு, கதவாண்ட நின்னுகினு இருந்தேன். ரொம்ப நேரம் நின்னேன்."

இப்படிக்கு,
அன்று கூப்பிடாத தங்கை.